ஜப்பானில் ரியோகோ தானிக்கு ஏன் அவ்வளவு மவுசு?

ஜூடோவில் தங்கம் வாங்கிய ஜப்பான் பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, ரியோகோ தானியை மட்டும் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் இரண்டு வருஷம் ஜூடோ பாயில் விழுந்து விழுந்து எழுந்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அவருடைய உயரம்: 146 செ.மீ. 48 கிலோப் பிரிவு. ஃபுகுவோக்காக்காரர், கல்யாணத்துக்கு முன் தமுரா. 1990இல், 15 வயதில், சொந்த ஊரில் நடந்த சர்வதேசப் போட்டியை ஜெயித்தார். அப்போது நவோக்கி உராசாவாவின் ‘யவாரா!’ என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதன் நாயகியும் ஜூடோவில் பெரிய ஆட்களைத் தூக்கிப் போடும் ஒரு குட்டிப் பெண்தான். படக்கதையில் இருந்தவள் நேரில் வந்து நின்றால் பத்திரிகைகள் விடுமா? அந்தப் பெயரையே செல்லப்பெயராக வைத்துவிட்டார்கள்.

ஆனால் பெயர் மட்டும் ஒருவரை இருபது வருஷம் தாங்காது. மக்களைக் கட்டிப்போட்டது அவர் தோற்ற விதம் என்பது என் கட்சி. பெண்கள் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது 1992 பார்சிலோனாவில். 16 வயதில் வெள்ளி. அட்லாண்டாவுக்குத் தொடர்ச்சியாக 84 வெற்றிகளோடு போனார். இறுதிப் போட்டியில் எதிரே நின்றது வட கொரியாவின் கே சுன் ஹுய், யாருக்கும் தெரியாத 16 வயதுப் பெண். மறுபடியும் வெள்ளி.

சிட்னிக்குப் போகும் முன் அவர் சொன்னது: “மிஞ்சினால் தங்கம், குறைந்தாலும் தங்கம்.” இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் புருலெத்தோவா. 36 விநாடியில் தங்கம். உச்சிமாத்தா! எதிராளியின் இரு தொடைகளுக்கு நடுவே காலை விட்டு மேலே வாரும் வீச்சு அது. காலில் நீளம் உள்ளவர்களுக்கே அது சரிப்படும் என்று எங்கள் மாஸ்டர் எனக்குக் கற்றுத்தரவே மறுத்தார். நான் தானியைவிட ஒரு சாண் உயரம்!

2003 டிசம்பரில் பேஸ்பால் வீரர் யோஷிடோமோ தானியைக் கைப்பிடித்தார். அடுத்த முழக்கம், “தமுராவாகத் தங்கம், தானியாகவும் தங்கம்.” ஏதென்ஸில் சொன்னபடி செய்தார். பிள்ளை பெற்ற பிறகு 2007இல் ரியோவில் ஏழாவது உலகப் பட்டம். பெய்ஜிங்குக்கு “அம்மாவாகவும் தங்கம்.” அது மட்டும் பலிக்கவில்லை. அரையிறுதியில் ருமேனியாவின் அலினா துமித்ருவிடம் கடைசி நொடிகளில் வாங்கிய தண்டப்புள்ளியால் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார்.

எல்லோரும் கொண்டாடினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2007, 2008 இரண்டு வருஷமும் உள்நாட்டுத் தேர்வுப் போட்டியின் இறுதியில் தோற்றார். இரண்டு முறையும் அணியில் அவர் பெயர்தான் வந்தது. பழைய சாதனை, அனுபவம் என்று காரணம் சொன்னார்கள். ரியோ பட்டம் குறை சொன்னவர்களின் வாயை அடைத்தது உண்மைதான். ஆனாலும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. 2010இல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வானதும் முணுமுணுப்பு இன்னும் கூடியது. அதே வருஷம் அக்டோபரில் ஓய்வு அறிவித்தார்.

2007இல் அவரைத் தோற்கடித்தவர் டொமோகோ ஃபுகுமி. 2002இல் பள்ளி மாணவியாகவும் ஒரு முறை அவரை வீழ்த்தியவர். ஃபுகுமிக்கு ஒலிம்பிக் வாய்ப்பு வந்தது 2012 லண்டனில்தான், 27 வயதில். அங்கே அரையிறுதியில் அவருக்கு எதிரே வந்து நின்றவரும் அதே துமித்ரு. ஐந்தாம் இடம்.