மழையைப் பார்த்து விதை போடுங்கள்: வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தை வெயில் எட்டிப் பார்க்கிறது. சென்ற ஆண்டு நடுவில் விதை போட்ட பலரும் இப்போது சாடிகளைக் காலி செய்துகொண்டிருப்பீர்கள். எது காய்த்தது, எது கைவிட்டது என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்துள்ளன. கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் வரிசை வீட்டு வாசலிலும் பின்புறத்திலும் பல காலமாகக் காய்கறி போட்டு வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, தக்காளிச் செடி இடுப்பளவு வளர்ந்து பூவும் விட்டது. திடீரென்று ஒரு மதியம் தலை தொங்கியது. இலை பச்சையாக இருக்கும்போதே இரண்டு நாளில் போய்விட்டது. தண்ணீர் போதவில்லையா? (கெப்போங்)

தண்ணீர்க் குறை இல்லை. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாக்டீரியா வாடல் நோய். உறுதி செய்ய எளிய வழி உண்டு. தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து வெள்ளையாக மெல்லிய நூல் கீழே இறங்கும். அந்த நூல் முழுக்கப் பாக்டீரியாதான்.

வந்த பிறகு மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதனால் அந்த மண்ணில் தக்காளி மட்டுமல்ல, அதன் குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். வெண்டை, பயத்தங்காய், காங்கோங் கீரை போடலாம். கத்தரிக்கோலையும் கழுவிவிடுங்கள், அதிலும் ஒட்டிக்கொண்டு போகும்.

நம் ஊர்ச் சூடும் ஈரமும் இந்த நோய்க்கு மிகவும் பிடிக்கும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், மழைக்காலத் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டுக் கட்டச் சொல்கிறது. கத்தரி வேர் இந்த நோயையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தக்காளி வேரைப் போலச் சீக்கிரம் அழுகாது. நாம் வற்றல் போடும் சுண்டைக்காய்ச் செடியும் ஒட்டுக்கு ஆகும். ஒட்டுக் கட்ட வராதென்றால், புது மண்ணில், மழை படாத கூரையின் கீழ், சின்னத் தக்காளி வகையைப் போடுங்கள். பெரிய தக்காளிக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். கோலாலம்பூரில் இரவு 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது, பூ உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் வருடம் முழுக்க வெயிலாச்சே, எப்போது விதைத்தால் என்ன? (செந்தூல்)

இந்த நினைப்பில்தான் பாதி விதை வீணாகிறது. நமக்குக் குளிர்காலம் இல்லை, சரி. ஆனால் மழைக்குப் பருவம் உண்டு. கோலாலம்பூரில் மார்ச், ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை மழை உச்சிக்குப் போகும். ஜூன், ஜூலை ஒப்பளவில் காய்ந்த மாதங்கள். விதைக்கும் நாளை விட, பூக்கும் நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். பாகல், பீர்க்கு, புடலை எல்லாம் விதைத்து ஆறேழு வாரத்தில் பூக்கும். மாலை மழை அடித்து ஊற்றும் மாதத்தில் பூத்தால் மகரந்தம் நனையும், தேனீ வராது, பிஞ்சு வெம்பும். மே தொடக்கத்தில் விதைத்தால் பூக்கும் காலம் ஜூனுக்குப் போய்விடும். இன்னொரு நல்ல நேரம் டிசம்பர்.

பினாங்குக் கணக்கு வேறு. அங்கே செப்டம்பர், அக்டோபர்தான் கொட்டும் மாதங்கள். ஜனவரி, பிப்ரவரி நன்றாகக் காயும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்கு அந்த வெயில் தெரியும். நவம்பர் கடைசியில் கொடிக்காய் விதையுங்கள், பூக்கும்போது காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுங்கள். வடக்கில் இருப்பவர்கள் கோலாலம்பூர்க்காரர் சொன்ன மாதத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கொட்டும் மாதத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. காங்கோங், பொன்னாங்கண்ணி, தவசிக்கீரை எல்லாம் அப்போதுதான் கொழிக்கும். பூத்துக் காய்க்க வேண்டாம், இலை விட்டால் போதும் என்பதால் மழை அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாது. ஆனால் தொடர் மழை மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கரைத்துக்கொண்டு போகும். உரத்தை ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள்.

பாகற்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி உள்ளே புழு. என்ன தெளிக்கலாம்? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

தெளிப்பது பயன் தராது தம்பி. பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடுகிறது, மருந்து அங்கே போகாது. பிஞ்சைத் திருப்பிப் பாருங்கள், ஊசி குத்திய அளவு புள்ளியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பிசினும் இருக்கும். அந்தப் பிஞ்சு வளைந்துதான் வளரும்.

ஒரே வழி, ஈ வருவதற்கு முன்பே மூடுவது. பூ வாடி, பிஞ்சு சுண்டுவிரல் நீளம் ஆனதுமே பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, மேல் வாயைக் காம்போடு மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். அடிப்பக்கம் காய் இறங்க இடம் விடுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் ஈ முந்திக்கொள்ளும், அதனால் தினமும் காலையில் கொடியை ஒரு சுற்றுப் பாருங்கள். புழு வைத்த காய்களைச் செடியடியில் விடவே கூடாது. புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி மறுபடி ஈயாக வரும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துப் பிறகு வீசுங்கள். பீர்க்கு, புடலைக்கும் இதே முறைதான்.

நான் இருப்பது அடுக்குமாடி, பால்கனி வடக்கு நோக்கி. ஜூனில் மிளகாய் நன்றாக வந்தது, இப்போது குச்சியாக நீள்கிறது. உரம் குறைவா? (வங்சா மாஜு)

உரம் இல்லை, வெயில் இடம் மாறிவிட்டது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே போய்விடும். ஆகவே வடக்குப் பால்கனிக்கு ஏறக்குறைய அரை ஆண்டுதான் நேர் வெயில். இப்போது அங்கே புதினா, வல்லாரை, பண்டான் வையுங்கள். மிளகாய், வெண்டையை ஏப்ரலில் திரும்பத் தொடங்குங்கள். தெற்குப் பால்கனிக்காரர்களுக்கு இது தலைகீழ். கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உறுதி. இன்னொன்று, எந்தச் சாடியையும் தடுப்புக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

மிளகாய் இலை சுருட்டிக்கொள்கிறது. (ஜெலுத்தோங்)

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் இலைப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துத் தளிரைத் தட்டினால் மெல்லிசாக மஞ்சள் பூச்சிகள் ஓடும். கீழ்நோக்கிச் சுருண்டு தளிர் தடித்தால் சிலந்திப் பேன், அது கண்ணுக்கே தெரியாது. இரண்டுக்குமே ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை போதும். மழை பெய்துவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். இலைப்பேனுக்கு, பண்ணைகளில் போடும் வெள்ளி நிறப் பிளாஸ்டிக்கைச் செடியடியில் விரிப்பதும் நல்லது. அந்தப் பளபளப்பு பூச்சியை விலக்கும்.

ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும் ஏபி உரத்தில் இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்கலாமா?

கூடாது. ஏ-யில் கால்சியம் இருக்கிறது, பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாகச் சேர்த்தால் சுண்ணாம்பாய் அடியில் படிந்துவிடும், செடிக்குப் போகாது. தண்ணீரில் ஒன்றை ஊற்றிக் கலக்கிய பிறகு மற்றதை ஊற்றுங்கள்.

சாடித் தட்டில் தண்ணீர் இருந்தால்தானே செடி காயாது? மாமியார் டிங்கி கொசு வரும் என்று திட்டுகிறார். (பிரிக்பீல்ட்ஸ்)

மாமியார் சொல்வதுதான் சரி. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தட்டே இல்லாமல் செங்கல் மேல் சாடியை வைத்தால் இன்னும் நல்லது. செடி காயாமல் இருக்க மண்ணின் மேல் தேங்காய் நார் பரப்புங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது நாட்டு விதை வாங்கி வரலாமா?

அனுமதி இல்லாமல் கொண்டு வரக் கூடாது. 1976ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி விதைக்கு முன்கூட்டியே இறக்குமதி பெர்மிட் வேண்டும். விதையோடு வரும் நோய் ஒரு சாடியோடு நிற்காது, அக்கம்பக்கத் தோட்டத்துக்கும் போகும். இங்கேயே தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், நாட்டு வெண்டையும் கொத்தவரையும் கிடைக்கும்.

முட்டைக்கோஸ்?

அதைக் குளிர்ச்சியான கேமரன் மலைக்கு விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பயத்தங்காய் போட்டால் இரண்டு மாதத்தில் கறி வைக்கலாம்.

கறிவேப்பிலைக் கன்றை யாரோ மொட்டையடித்ததுபோல் இருக்கிறது. (பட்டர்வொர்த்)

இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பெரிதானால் பச்சையாகிவிடும், இலையோடு இலையாகத் தெரியாது. கன்று சின்னதென்றால் மருந்து வேண்டாம், காலையில் கையால் பொறுக்கினாலே போதும். தளிர் நுனி சுருண்டு வெள்ளையாக மெழுகு இழை தொங்கினால் அது சில்லிட் என்னும் வேறு பூச்சி. அந்த நுனியை உடனே வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் நோயை அதுதான் பரப்புகிறது. பக்கத்து வீட்டில் லீமாவ் (எலுமிச்சை வகை) மரம் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வெட்டினால்தான் பலன் இருக்கும்.