அடுப்பருகே ஓர் எச்சரிக்கை

கேள்வி: ஜப்பானின் கியோட்டோ நகரச் சமையலறைகளில் அடுப்புக்கு அருகே ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறார்களே, அது என்ன?

பதில்: அதன் பெயர் ஓஃபுதா. 924 மீட்டர் உயர அத்தாகோ மலையுச்சியிலுள்ள ஷிண்டோ (ஜப்பானின் பாரம்பரியச் சமயம்) ஆலயத்தில் தருவது. அதில் வரம் எதுவும் எழுதியிருக்காது. 'ஹி நோ யோஜின்', அதாவது 'நெருப்பில் கவனம்' என்றுதான் இருக்கும். சாமியே எச்சரிக்கைப் பலகை மாட்டியதுபோல!

மலையடிவாரத்திலுள்ள கியோதாகியிலிருந்து ஆலயத்துக்குச் சுமார் 4 கிலோமீட்டர், ஏறவே இரண்டு மணி நேரமாகும். ஜூலை 31 இரவு ஏறி ஆகஸ்ட் 1 விடிவதற்குள் வணங்கினால் ஆயிரம் நாள் வழிபட்ட பலன் என்பது நம்பிக்கை. மூன்று வயதுக்குள் குழந்தையைத் தூக்கிச் சென்றால் அதற்கு ஆயுளுக்கும் தீ விபத்து இல்லையாம்.

வழிபாடு சுருக்கமானது: முதலில் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். நீர் மொள்ளும் அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சந்நிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும்.

சீட்டைக் கண்மட்டத்துக்கு மேலே ஒட்டுவார்கள். சுடருக்கு நேர் மேலே வேண்டாம், அதுவும் காகிதம்தானே. ஓராண்டானதும் பழையதை ஆலயத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்குவது வழக்கம்.