வீடு மாறியதும் பேஸ் போய்விட்டதா? ஒயரைப் பாருங்கள்

ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோவுக்கு வந்த பிறகு பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இல்லை, பாடுபவர் குரலும் நடுவில் நிற்காமல் சிதறுகிறது என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான். ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் தள்ளும்போது மற்றதன் கோன் பின்னால் இழுக்கும். தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகுங்கள். அதே பாட்டை, அதே சத்தத்தில் கேளுங்கள். செம்பு இழை ஒன்றுகூட பக்கத்து முனையைத் தொடக்கூடாது, ஆம்ப் கெட்டுவிடும்.

பேஸ் இன்னும் மெலிந்தால் பழைய இணைப்பே சரி, திருப்பி மாட்டுங்கள். அப்போது சந்தேகம் அறைமேல்தான்: நாற்காலியை அரை மீட்டர் முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள். அதுவரை ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் புது கேபிள் வாங்க வேண்டாம்.