இ-பாஸும் ஆதார் படமும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் சிறிய காட்டேஜ் நடத்துகிறேன். தங்க வருபவர்களிடம் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வைப்பது வழக்கம். அண்மையில் ஒருவர், ‘இ-பாஸில் எல்லாம் கொடுத்தாயிற்று, உங்களுக்கும் எதற்கு?’ என்று கோபித்துக்கொண்டார். தவறு செய்யாதவருக்கு இதில் என்ன பயம்? அரசையே நம்பாவிட்டால் யாரை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இ-பாஸ் இணையதளத்திடம் கோபப்பட முடியாதவர் உங்களிடம் கோபப்பட்டிருக்கிறார். அவருடைய கேள்வி நியாயமானதே.

நீலகிரியும் கொடைக்கானலும் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணிப்பதற்காக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், அங்கு வரும் சுற்றுலா வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. கோடையில் பர்லியாறு மலைப்பாதையில் மாட்டிக்கொண்ட எவரும் அதைக் குறை சொல்லமாட்டார். ஆனால் வண்டிகளை எண்ணுவதற்காகப் பெற்ற கைபேசி எண், அந்த வேலை முடிந்த பிறகும் பயணத் தேதியோடும் தங்கும் இடத்தோடும் சேர்ந்தே சேமிப்பில் கிடக்குமானால், அது ஒரு மனிதரின் நடமாட்டக் குறிப்பாகிவிடுகிறது. அடிக்கும் கணவனிடமிருந்து விலகி உங்கள் காட்டேஜில் வந்து தங்கும் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் இருக்குமிடம் கசிந்தால் ஆபத்து அவருக்குத்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும், தலையீடு தேவையின் அளவை மீறக்கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை முடிந்ததும் தரவை அழிக்கும் கடமையைத் தனியார் நிறுவனங்களுக்கு விதித்துவிட்டு, பிரிவு 17(4) வழியாக அரசுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. ‘என் தகவலை அழித்துவிடுங்கள்’ என்று அரசிடம் கோரும் உரிமையும் அந்தச் சட்டத்தில் குடிமக்களுக்கு இல்லை. இந்த நிலையில் அரசை நம்புங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? கணக்குக் கேட்க வழியுள்ள இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

உங்கள் கைபேசிக்கு வருகிறேன். அது தொலைந்தால் இத்தனை பேரின் ஆதாரும் அதோடு போகும். முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் (UIDAI) தளத்திலேயே பதிவிறக்கலாம், அதைக் கேளுங்கள். உங்கள் காவல் நிலையம் எந்த விவரங்களைக் கேட்கிறது என்று விசாரித்து, அவற்றை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் உள்ள படங்களை அழித்துவிடுங்கள். கேலரியிலும் பிரதி இருக்கும், அதையும் பாருங்கள்.