இரண்டு நாள் கோடைப் பள்ளிக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் சேர்ந்து கிடக்கின்றன. கலை வரலாற்றில் ஆய்வு செய்து மகள் என்ன ஆகப்போகிறாள் என்பது ஒன்று. ஆய்வேடு எழுத வேண்டிய நேரத்தில் சனி, ஞாயிறு கோடைப் பள்ளி எதற்கு என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். முதல் கவலைக்கும் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

பெயரைக் கேட்டதும் விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பு நினைவுக்கு வந்திருக்கும். இது வேறு. ஒவ்வொரு மாணவரும் தன் ஆய்வில் ஒரு துண்டை எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார், மற்றவர்கள் துளைத்தெடுப்பார்கள். நல்ல பள்ளியாக இருந்தால், அருங்காட்சியகத்தில் மூலப் படைப்புகளை மேசையில் வைத்தே பார்க்கவும் விடுவார்கள். அங்கே பேனாவுக்கு அனுமதி இருக்காது, பென்சில்தான். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேரே பார்க்கும்போது தெரியாத தூரிகைத் தடமும் விரிசலும் எழுந்து நிற்கும்.

எல்லாப் படமும் இணையத்தில் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் திரையில் தெரியாததும் படத்தில் இருக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில், 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு: திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண். அவளுக்குப் பின்னால் வெகுகாலம் வெறும் சுவர்தான் தெரிந்தது. அந்தச் சுவருக்குள் மன்மதனின் படம் மறைந்திருப்பதை 1979இல் எக்ஸ்ரே காட்டியது. வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். பிறகு ஆய்வகத்தில் பார்த்தபோது, மன்மதனுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே அழுக்குப் படலம் இருந்தது. படம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, ஓவியர் இறந்த பிறகு, வேறு யாரோ பூசியிருக்கிறார்கள்! நுண்ணோக்கியின் கீழ் அதைச் சுரண்டி எடுத்து, 2021இல் மன்மதனோடு காட்சிக்கு வைத்தார்கள். வெறும் சுவரை நம்பி எழுதிய விளக்கங்களை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. வேதியியல் தெரிந்தவர், ஓவியத்தைப் பழுதுபார்ப்பவர், வரலாறு எழுதுபவர் மூவரும் சேராமல் இது நடந்திருக்காது. உங்கள் மகள் தன் துறையில் அப்படிப்பட்ட ஆட்களோடு பேசிப் பழக, நூலகத்தைவிட இந்த இரண்டு நாள் நல்ல இடம்.

ஆனால் எல்லாக் கோடைப் பள்ளியும் ஒன்றல்ல. நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். காலை முதல் மாலை வரை சொற்பொழிவுதான், நூறு பேர் உட்காருகிறார்கள் என்றால் வேண்டாம். சான்றிதழுக்காகப் போவதாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் காகிதத்தை வேலை கொடுப்பவர்கள் பெரிதாக மதிப்பதில்லை.

சரி, வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன்: அருங்காட்சியகக் காப்பாட்சியர், பேராசிரியர் போன்ற நிரந்தரப் பதவிகள் குறைவு, போட்டி அதிகம், முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாகவே ஓடலாம். ஆனால் வாசல் அவை மட்டுமல்ல. ஏல நிறுவனங்கள், ஆவணக் காப்பகங்கள், கலை நூல் பதிப்பகங்கள் இருக்கின்றன. ஒரு படைப்பு யார் யார் கைமாறி வந்தது என்று துப்பறியும் வேலையும் இருக்கிறது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் பற்றி 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி நெறிமுறைகளை ஏற்றன. அதன் பிறகு அந்தத் துப்புவேலைக்கு மதிப்புக் கூடியது. அதில் ஓவியத்தின் முகத்தைவிட முதுகுதான் முக்கியம்: பழைய லேபிள், சரக்கு முத்திரை, ஏலக்காரர் எழுதிய எண். இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு மொழியும் தெரிந்திருந்தால் கூடுதல் பலம். மகளை இப்போதே ஒரு மொழி கற்கச் சொல்லுங்கள். கோடைப் பள்ளியைவிட அதற்குத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன்.

விண்ணப்பத்தில் பலரும் செய்யும் தவறு, ஆய்வேட்டின் சுருக்கத்தை அப்படியே ஒட்டுவது. ஒரு படைப்பு, அதில் தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி, அது போதும். என்னிடம் வந்த ஒரு மாணவர் ஓர் அத்தியாயத்தையே பத்து நிமிடத்தில் வாசித்துத் தீர்த்தார். கேள்வி கேட்க யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

கட்டணம் இடித்தால் உதவித்தொகை உண்டா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அப்புறம், பரிந்துரைக் கடிதத்துக்கு ஆய்வு வழிகாட்டியிடம் இந்த வாரமே சொல்லிவைக்கட்டும். கடைசி நாளில் போய் நின்றால் அவசரத்தில் எழுதிய நாலு வரிதான் கிடைக்கும்.