ஜாவாவில் ஆப் எழுத: போனுக்குக் காசு போடுவதா, லேப்டாப்புக்கா?

ஏ.எல். எழுதிவிட்டு ஜாவா படிக்கிறேன், ஆண்ட்ராய்ட் ஆப் செய்ய ஆசை, கையில் உள்ள காசுக்கு விலை கூடிய போன் வாங்கட்டுமா, லேப்டாப் வாங்கட்டுமா, என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று பொகவந்தலாவைத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்.

காசை லேப்டாப்பில் போடுங்கள் தங்கச்சி. ஆப் எழுதுகிற மென்பொருளான ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், கூடவே எமுலேட்டரும் (லேப்டாப்புக்குள் ஓடும் போலிப் போன்) ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி என்று கூகுளே சொல்கிறது. செகண்ட் ஹேண்ட் என்றாலும் பரவாயில்லை, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் பேட்டரி செத்த லேப்டாப்பை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள்.

மென்பொருள் எல்லாம் இலவசம், டேட்டாதான் செலவு. முதல் தடவை ஸ்டூடியோ, எஸ்டிகே என்ற ஆண்ட்ராய்ட் கருவித் தொகுப்பு, அப்புறம் ஆப்பைக் கட்டித்தரும் கிரேடில் இறக்குகிற சாமான் எல்லாம் சேர்ந்து ஜிபி கணக்கில் போகும். சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும் கிடைக்கிற லயத்தில் இருந்துகொண்டு அதைத் தொடங்காதீர்கள், ஹட்டன் டவுனில் வைஃபை உள்ள இடத்தில் ஒரு வெற்று ப்ராஜெக்டை ஒருமுறை ஓட விட்டுக் கொண்டுவந்தால் பிறகு கிரேடிலை ஆஃப்லைனில் போட்டு வேலை செய்யலாம். புது ப்ராஜெக்ட் திறக்கும்போது 'எம்ப்டி ஆக்டிவிட்டி'யை அமுக்கினால் கோட்லின் என்ற வேறு மொழி வந்து நிற்கும், ஜாவாவுக்கு 'எம்ப்டி வியூஸ் ஆக்டிவிட்டி'. 2019இல் இருந்து கூகுள் கோட்லினுக்குத்தான் முதலிடம் கொடுக்கிறது, ஆனாலும் ஜாவா ஓடும், படித்ததை வீசிவிட வேண்டாம். நெட்பீன்ஸ், மிட்லெட் என்று யாராவது பாடம் எடுத்தால் அது பழைய பட்டன் போன் காலத்துச் சங்கதி, மூடிவிடுங்கள்.

சரி, போன். உங்கள் வீட்டில் என்ன போன் பாவிக்கிறார்களோ அந்த மாதிரி ஒன்று போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. என் அம்மா கொழுந்து எடுப்பவர், தினமும் எத்தனை கிலோ என்று பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார், மாசக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்க்க. அதையே ஒரு ஆப் ஆக்கினேன். என் போனில் அருமையாக ஓடியது. அம்மாவின் 2 ஜிபி ரேம் போனில், காலை நிறுவையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சித்தி கோல் எடுத்தார், பேசி முடித்துத் திரும்பி வந்தால் பெட்டி காலி. ரேம் போதாமல் பின்னணியில் இருந்த ஆப்பைப் போன் கொன்றுவிட்டது, பாதியில் தட்டியதைச் சேமிக்க நான் கோடில் எதுவும் எழுதவே இல்லை. அம்மா எழுத்தைப் பெரிதாக வைத்திருந்ததால் 'சேமிக்கவும்' பட்டனில் 'சேமி' வரைக்கும்தான் தெரிந்தது, 'ஓகே' என்று மட்டும் எழுதிப் பார்த்தவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது! நல்ல போன் வைத்திருப்பவர்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' (ஆப்பை விட்டு வெளியே போனதும் அதன் திரையை அழித்துவிடும்) போட்டுப் பார்த்தால் முதல் பிழை மாட்டிக்கொள்ளும்.

அந்த டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வர, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டி, பிறகு யூஎஸ்பி டிபக்கிங்கைத் திறக்க வேண்டும். கேபிள் வழியாக ஆப் நேரே போனிலேயே ஓடும், எமுலேட்டரே தேவையில்லை, லேப்டாப்பும் மூச்சு விடும். போன் லேப்டாப்பில் காட்டவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிளைக் குத்திக்கொண்டு, டிரைவர் பிழை என்று நினைத்து விண்டோஸையே திரும்பப் போட்ட ஆள் நான், இரண்டு நாள் போனது. ஆண்ட்ராய்ட் 11 அல்லது அதற்கு மேல் என்றால் வைஃபை வழியாகவும் இணைக்கலாம்.

போனும் செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். கேபிளையும் அங்கேயே குத்தி, ஒரு போட்டோவை லேப்டாப்புக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.