தகட்டில் பெயர்ப்பலகை: கேட்டவர்களுக்குப் பதில்

சேர்ந்துபோன கேள்விகளுக்கு இன்று பதில். எனக்குத் தெரிந்தது பித்தளை, செம்பு, இரும்புத் தகடு. எல்இடி எழுத்தெல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

பித்தளையில் எழுத்தைப் பள்ளமாக அரிக்க வீட்டில் என்ன வழி?

பெரிக் குளோரைடு என்ற, செம்பையும் பித்தளையையும் அரிக்கும் இரும்பு உப்பின் கரைசல்தான். தகடு 1 மி.மீ. இருக்கட்டும். எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். தண்ணீர் தகடு முழுக்கப் படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் பசை போகவில்லை, மறுபடி கழுவுங்கள். உலர்ந்ததும் விரல் படாமல் வினைல் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்தை மட்டும் வெட்டி உரித்துவிடுங்கள். முதுகையும் ஓரங்களையும் டேப்பால் மூடுங்கள்.

பிளாஸ்டிக் தட்டில் கரைசலை ஊற்றி, எழுத்து கீழே பார்க்கிற மாதிரித் தகட்டைச் சற்று தூக்கி வையுங்கள். அரிபட்ட கசடு தானாக உதிரும். மேலே பார்க்க வைத்தால் அது எழுத்துக்குள்ளேயே உட்கார்ந்து அரிப்பைத் தடுக்கும். அவ்வப்போது எடுத்துக் கழுவி, எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் போதும். பள்ளத்தில் கறுப்பு எனாமல் நிரப்பி, காய்ந்தபின் மேற்பரப்பைத் தேய்த்தெடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். பழைய கரைசலில் செம்பு இருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அதே கரைசலில் அலுமினியம் போடலாமா?

கூடாது. சூடேறிப் பொங்கி வழியும். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்பும் கலந்த நீர் போதும். படியும் செம்பைப் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே இருங்கள்.

எவர்சில்வரை உப்புநீரில் மின்சாரம் விட்டு அரிக்கலாமா?

அதிலுள்ள குரோமியம் நச்சாக நீரில் இறங்கும். வீட்டில் வேண்டாம்.

தொங்கவிட ஓட்டை போடும்போது தகடு சுற்றிக்கொள்கிறதே?

கையால் பிடித்தீர்களா? டிரில் பிட் மறுபக்கம் எட்டிப்பார்க்கும் நொடியில் மெல்லிய தகட்டைக் கவ்விச் சுழற்றும். என் இடது கட்டைவிரலில் மூன்று தையல் அப்படி விழுந்ததுதான். மரக்கட்டைமேல் வைத்து, கிளாம்ப் போட்டு, அப்புறம் டிரில்லைத் தொடுங்கள். டிரில் ஓட்டும்போது மட்டும் கையுறை வேண்டாம், அதையும் இழுத்துக்கொள்ளும்.

எழுத்தையே ஓட்டையாக வெட்டினேன். ‘ம’வின் நடுத்துண்டு கீழே விழுந்துவிட்டது!

விழாமல்? க, ம, வ எல்லாம் வயிறு மூடிய எழுத்துகள். வெட்டுமுன் உள்துண்டை வெளித்தகட்டோடு சேர்க்கும் பாலம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள், 2 மி.மீ. அகலமாவது.

பாலம் வைத்தால் எழுத்து சிதையாதா?

கண்ட இடத்தில் வைத்தால் சிதையும். கோடு வளையும் இடத்தில் வைக்காமல் நேராக ஓடும் இடத்தில் வையுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

புள்ளியும் தொல்லைதானே? ஓலைச்சுவடியில் புள்ளியே வைப்பதில்லை, நாமும் விடலாமே.

ஓலை கிழியும் என்று விட்டார்கள். உங்கள் தகடு கிழியுமா? ‘மலர் இல்லம்’ என்பதை ‘மலர இலலம’ என்று வாசலில் மாட்டுவீர்களா? ஓட்டை எழுத்தில் புள்ளி என்பது ஒரே ஒரு டிரில் துளை, அதைவிட எளிது எது? எழுத்தைத் தனியே வெட்டி நிறுத்தினால்தான் சிக்கல், அப்போது புள்ளி அனாதை.

அதற்குக் கால் வைத்து எழுத்தோடு ஒட்டலாம் என்றால் அது எழுத்துப்பிழை என்கிறார் இன்னொருவர்.

இதற்கே ஒன்பது பேர் எழுதிவிட்டீர்கள். என் கட்சி: கால் வேண்டாம். பின்னால் ஒரு தகடு வைத்து, எழுத்தையும் புள்ளியையும் தனித்தனியே அதில் திருகுங்கள். நிழல் விழுந்து அழகாகவும் இருக்கும். பஞ்சாயத்து முடிந்தது.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது.

துத்தநாகப் பூச்சின்மேல் எண்ணெய் பெயிண்டை நேரே அடித்தால் பிடிக்காது. வினிகரால் துடைத்துக் கழுவி, எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, அப்புறம் பெயிண்ட்.

ஜிஐயை டார்ச்சில் சூடாக்கி நிறம் வரவழைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். பூச்சில்லாத இரும்பை எடுங்கள்.

பித்தளை அரிக்க எத்தனை நிமிடம்?

முதல் பதில். நகம்.

செம்புக்கு எத்தனை நிமிடம்?

நகம்!

புள்ளிக்காக 4 மி.மீ. துளை போடப் போனேன், தகடு சுற்றிக்கொண்டது.

கிளாம்ப் எங்கே?